என் பெயருக்கு வந்த மலர்வளையம்

அது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை முற்பகல், வட்டக்கச்சியில், எங்கள் வீட்டு முற்றத்தில். அன்றைக்கு என்னுடைய செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தது நான்தான்.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். அப்போது நான் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். இப்போதும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன், தயவுசெய்து எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு உவர்க்கிறது என்பதுதான் என் ஆய்வு. வட்டக்கச்சியிலும் உருத்திரபுரத்திலும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் அள்ளி, போத்தலில் அடைத்து, கிணற்றுக்காரரின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டி, எங்கள் வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்து, பிறகு யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவேன். ஒருநாள் வெயிலில் வந்த சித்தப்பா பிரிட்ஜைத் திறந்து, உருத்திரபுரத்துப் போத்தல் ஒன்றை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டு, "என்ன பிள்ளை, தண்ணி ஒருமாதிரிக் கிடக்கு" என்றார். ஒரு கிணற்றின் வைகாசி மாதம் முழுவதும் அவருடைய வயிற்றுக்குள் போய்விட்டது. அந்த ஓட்டையை ஆய்வேட்டில் எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் தெரியாது.

எங்கள் ஊரில் பட்டம் படித்தால் மதிப்பு. பட்டத்துக்கு மேலே படித்தால் சந்தேகம். கோயிலில் கண்டாலும் கடையில் கண்டாலும், "இன்னும் பாஸ் பண்ணேல்லையோ பிள்ளை?" என்று உண்மையான கவலையோடு கேட்பார்கள். இது பரீட்சை இல்லை, ஆராய்ச்சி என்று சொன்னால், "பரீட்சை இல்லாட்டி எப்பிடி முடியிறது?" என்பார்கள். இதைவிட நல்ல கேள்வியை என்னிடம் ஒரு பேராசிரியரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டு அலுத்தால் அம்மாவைப் பிடித்து, "பெட்டைக்கு வயசு போகுதெல்லோ" என்று தொடங்குவார்கள். கடைசியில் நான் கோயிலுக்கும் போவதில்லை, கடைக்கும் போவதில்லை என்று ஆகிவிட்டது.

என் ஆய்வுக்கு மேற்பார்வையாளர் ஒரு பெண். நாங்கள் அவரை மேடம் என்போம். மிகவும் கண்டிப்பானவர். காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன்னுடைய கலியாணக் கார்டையே மூன்று தடவை திருத்தி அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினவர் என்று ஆய்வுகூடத்தில் ஒரு கதை உண்டு. அவருக்கு நான் என் மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பினேன். "நிறையத் திருத்த வேண்டியிருக்கிறது. கதைப்போம்" என்று பதில் வந்தது. கூடவே, திருத்தங்களோடு என் கோப்பும் வந்திருந்தது.

நான் அதைத் திறக்கவில்லை. மத்தியானம் திறக்கலாம் என்று நினைத்தேன். மத்தியானம் வந்ததும் நாளைக்குக் காலையில் தெளிவான தலையோடு திறக்கலாம் என்று நினைத்தேன். காலையில் மடிக்கணினியை எடுத்து வைத்து, விசைகளுக்கு இடையில் இருந்த தூசியை ஈர்க்குக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். அடுத்த நாள் திரையைத் துடைத்தேன். அதற்கு அடுத்த நாள் துடைப்பதற்கும் ஒன்றும் இல்லை, மூடி வைத்துவிட்டேன்.

பகிடியாகச் சொல்கிறேனே தவிர, அது பகிடியான காலம் அல்ல. இரவில் நித்திரை வராது, பகலில் எழும்ப முடியாது. சீப்பை எடுத்துத் தலை இழுப்பது ஒரு பெரிய வேலையாகத் தெரிந்தது. குளிக்கக் கிணற்றடிக்குப் போவதற்கு அரை நாள் யோசிப்பேன். கிணறுகளைப் பற்றி ஆய்வு செய்கிறவளுக்குச் சொந்தக் கிணற்றடிக்குப் போகத் தென்பில்லை. கட்டிலுக்கு மேலே கட்டிய நுளம்பு வலைக்குள் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு, எனக்கு மூளை இல்லை, இவ்வளவு காலமும் எல்லாரையும் ஏமாற்றி வந்திருக்கிறேன், இனி மேடம் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

போன் அடித்தால் அதைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவேன். ஒருநாள் அதை நிறுத்திவிட்டு, தண்ணீருக்குள் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே அதை வாங்கி அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்தார். ஈரத்தை அரிசி உறிஞ்சிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது போனை வெளியில் எடுத்து, குலுக்கிப் பார்த்து, காதில் வைத்துப் பார்த்து, "இன்னும் காயேல்லை போல கிடக்கு" என்று திரும்பவும் புதைப்பார். எங்கள் வீட்டில் அரிசி முடிந்து புது மூட்டை உடைத்தபோதும், போன் ஒழுங்காகப் புது அரிசிக்குள் போனது.

என் கோலத்தைக் கண்டு வீட்டில் சும்மா இருக்கவில்லை. அப்பா அது உட்காய்ச்சல் என்று சொல்லிக் குளிசை கொண்டுவந்து தந்தார். அம்மா கண்ணூறு என்று சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வராவிட்டால்தான் கண்ணூறு என்பார்கள். வந்த நெடியில் வீடே இருமியது, வளவில் நின்ற ஆடும் தும்மியது. அப்படியும் அம்மா தன் முடிவை மாற்றவில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு எங்கேயாவது ஒரு கந்தோரில் வேலை தேடலாம் என்று நான் மனதுக்குள் முடிவு எடுத்திருந்தேன். விடுகிறேன் என்று மேடத்துக்குச் சொல்வதற்குக்கூட போனை அரிசிக்குள் இருந்து எடுக்க வேண்டுமே என்பதுதான் சிக்கல்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் எங்கள் பின்வீட்டு ஐயா காலமானார். தொண்ணூறைத் தொட்டவர், பூட்டப்பிள்ளைகளையும் கண்டவர், நித்திரையில் போய்விட்டார். பிள்ளைகளில் ஒரு மகள் மட்டும் அவரோடு இருந்தார், மற்ற எல்லாரும் கனடாவில். அவர்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை எங்கள் படலையைக் கடந்துதான் போகும். வாகனம் எங்கள் படலையோடு நின்றுவிடும், அதற்கு அப்பால் நடைதான்.

செத்தவீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அயல்வீடுதான் தேத்தண்ணியும் சாப்பாடும் பார்க்க வேண்டும். ஆகவே செத்தவீட்டின் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் முற்றத்தில் தறப்பாள் கட்டி வாடகைக் கதிரைகளை அடுக்கினார்கள். பொடியன்கள் ஒழுங்கை முகப்பிலிருந்து வேலிக்கு வேலி வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு வந்து, மிச்சம் இருந்த கொடி முழுவதையும் எங்கள் படலையின் இரண்டு பக்கமும் கட்டினார்கள். ஐயாவின் படம் போட்ட பனர் டவுனில் அடிக்கக் கொடுத்திருந்தது, இன்னும் வந்து சேரவில்லை. அப்பா வெள்ளை வேட்டியும் சால்வையுமாகப் படலையடியில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றார். சனிக்கிழமை பின்னேரம் எடுப்பதாக ஏற்பாடு.

அம்மா என்னை நுளம்பு வலைக்குள் இருந்து இழுத்து எடுத்துக் குசினிக்குள் விட்டார். "ஊரே வந்து நிக்குது, நீ கிடக்கிறியோ? தேத்தண்ணியைப் பார்" என்று சொல்லிவிட்டு அவர் பின்வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கும் அது வசதிதான். குசினிக்குள் வந்து ஒருவரும் படிப்பு எப்போது முடியும் என்று கேட்க மாட்டார்கள். ஒரு பழைய சட்டையோடு, எண்ணெய் காணாத தலையோடு, புகைக்குள் நின்று தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கார் வந்துகொண்டிருந்திருக்கிறது. அதில் மேடம், என்னோடு படிக்கிற தோழி, ஆய்வுகூடத்தில் எங்கள் எல்லாருக்கும் மூத்தவரான ஓர் அண்ணா. நான் வாரக்கணக்கில் போன் எடுக்கவில்லை, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை என்று பயந்துபோய், வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்று மேடம் புறப்பட்டிருக்கிறார். இனி வருவது தோழி எனக்குப் பிறகு சொன்னது.

சந்திக் கடையில் காரை நிறுத்தி, "கம்பஸிலை படிக்கிற பிள்ளையின்ரை வீடு எது?" என்று அண்ணா கேட்டிருக்கிறார். கடைக்காரர் செத்தவீட்டுக்குச் சீனியும் தேயிலையும் நிறுத்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தும் பார்க்காமல், "செத்தவீட்டுக்கோ வந்தனீங்கள்? இந்த ஒழுங்கைதான். கொடி கட்டினபடி போங்கோ, கொடி முடியிற இடத்திலை வீடு" என்று சொல்லியிருக்கிறார்.

யார் செத்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அந்தச் சந்தியிலேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆட்கள் அதைக் கேட்க மாட்டார்கள். செத்தவீட்டு வாசல்வரை வந்துவிட்டு ஆர் செத்தது என்று கேட்கிறவனைப் போல ஒரு மானங்கெட்டவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. மேடம் கடை வாங்கிலில் அப்படியே இருந்துவிட்டாராம். தோழி அழத் தொடங்கிவிட்டாள். அண்ணாதான், "வெறுங்கையோடை போகேலாது" என்று சொல்லி, காரைத் திருப்பிக் கிளிநொச்சி டவுனுக்கு விட்டிருக்கிறார்.

அவர்கள் திரும்பி வந்து எங்கள் படலையில் இறங்கியபோது அப்பா கும்பிட்டார். மேடம் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, என்னை மன்னியுங்கோ. நான் கவனிச்சிருக்கோணும். நான்தான் விட்டுட்டன்."

அப்பா மேடத்தை முன்பின் கண்டதில்லை. பின்வீட்டு ஐயாவுக்கு வைத்தியம் பார்த்த டொக்டராக்கும் என்று நினைத்துவிட்டார். பாவம், இந்த வயதுபோன மனிசனுக்காக ஒரு டொக்டர் இவ்வளவு தூரம் வந்து அழுகிறாவே என்று அவருக்கு மனம் இளகிவிட்டது.

"நீங்கள் என்னம்மா செய்யிறது? வாழவேண்டிய காலமெல்லாம் வாழ்ந்து முடிஞ்சுது. இனி இருந்தும் என்ன, பாயிலை கிடந்து உத்தரிக்கிறதுதானே. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லாத சாவு. நாங்கள் சந்தோஷப்படோணும்."

மேடம் கையை மெல்ல விட்டுவிட்டாராம். இருபத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் இப்படியும் கதைப்பானா என்று மூன்று பேரும் விறைத்துப்போய் நின்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் இருந்தால் பிள்ளை வேறு என்ன செய்யும் என்று அண்ணா பல்லைக் கடித்தாராம். அப்பாவோ கதிரைகளை இழுத்துப் போட்டு, "இருங்கோ, தூரத்தாலை வந்தனீங்கள்" என்று சொல்லிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, யாழ்ப்பாணத்தாலை ஆக்கள் வந்திருக்கினம். மூண்டு தேத்தண்ணி கொண்டு வா."

நான் தட்டத்தில் மூன்று கிளாஸை வைத்துக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்தபடி வெளியில் வந்தேன். முதலில் தெரிந்தது ஒரு சேலைக்கரை. பிறகு ஒரு கைப்பை. அந்தக் கைப்பையை எனக்குத் தெரியும். அதற்குள்ளிருந்து சிவப்புப் பேனை வெளியில் வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிமிர்ந்தேன். மேடம்.

எனக்கு வந்த முதல் எண்ணம், மனிசி அத்தியாயம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார் என்பதுதான். வாய் தானாகத் திறந்தது.

"மேடம், மூண்டாம் அத்தியாயம் இன்னும் முடியேல்லை."

தோழி வீரிட்டாள். அண்ணா ஒரு கதிரையைத் தட்டிவிட்டுப் பின்னால் போனார். மேடத்தின் உதடு மட்டும் அசைந்தது.

"நீர் உயிரோடையோ இருக்கிறீர்?"

"ஓம் மேடம்" என்றேன். அதை ஒரு பிழையை ஒத்துக்கொள்கிறவள் மாதிரித்தான் சொன்னேன்.

"அப்ப ஏன் போன் எடுக்கேல்லை?"

"போன் அரிசிக்குள்ளை மேடம்."

மேடம் என்னிடமிருந்து ஒரு கிளாஸை எடுத்து, சுடச்சுட முழுவதையும் குடித்தார். கிளாஸைத் திரும்பவும் தட்டத்தில் வைத்தார். பிறகு என்னைத் தட்டத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டிராத ஒரு குரலில் அழுதார். மிச்சம் இரண்டு தேத்தண்ணியும் அவருடைய சேலையில் ஊற்றுப்பட்டது. சுட்டிருக்கும், அவருக்குத் தெரியவில்லை.

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். கனடாவில் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காக வீடியோவில் நேரடியாகக் காட்டுகிற பொடியன் ஒருவன், அழுகைச் சத்தம் எங்கே பெரிதாகக் கேட்கிறதோ அங்கே கமராவைத் திருப்பச் சொல்லி வைக்கப்பட்டவன், ஓடி வந்து எங்களை எடுக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் அண்ணாவின் கையில் இருந்ததைக் கண்டேன். முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். ஆனால் அது ஒரு சைக்கிள் சில்லு அளவு மலர்வளையம், ஒளிக்க முடியவில்லை. குறுக்கே ஊதா ரிப்பன், அதில் பொன்னிற எழுத்து. இரண்டாவது வரியில் என் முழுப்பெயர். அதற்குக் கீழே "ஆழ்ந்த அனுதாபங்கள்." முதலாவது வரியில், என் பெயருக்கு மேலே, தனியாகப் பெரிதாக, "கலாநிதி."

நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பேனோ தெரியாது, அதற்குள் அம்மா வந்துவிட்டார். பின்வீட்டிலிருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தவர், ரிப்பனை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஆர் இதைக் கொண்டுவந்தது? என்ரை குமர்ப்பிள்ளை கல்லுப்போல நிக்க, ஆரடா அவளுக்கு மலர்வளையம் கொண்டுவந்தது? நாசமறுவாரே!"

அப்பா அம்மாவின் காதுக்குள், இது பிள்ளையின் மேடமாம் என்று குசுகுசுத்தார். அம்மா மூச்சு விடாமல் அதே வசனத்தை மறுபக்கம் திருப்பினார்.

"ஐயோ, மேடமே? வாங்கோ, ஏன் நிக்கிறியள், இருங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்."

அடுத்த பிரச்சினை மலர்வளையத்தை என்ன செய்வது என்பது. வீட்டுக்குள் வைக்க முடியாது, அது தரித்திரம். திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது, செத்தவீட்டுக்கு வந்த பொருள் திரும்பிப் போகக்கூடாது. எரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், பச்சைப் பூ எரியாது என்று இன்னொருவர் சொன்னார். பெரியவர்கள் கூடி இதை ஒரு வழக்குப் போல விசாரித்தார்கள். கடைசியில் பின்வீட்டு அக்கா, ஐயாவின் மகள், அழுது வீங்கிய முகத்தோடு வந்து, "கொண்டு வாங்கோ, அப்பாவுக்குப் போடுவம். அவர் ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றார். அம்மா கத்தரிக்கோலால் என் பெயர் இருந்த வரியை மட்டும் கோபத்தோடு வெட்டி எடுத்து, மூன்று தரம் துப்பி, அடுப்புக்குள் போட்டார். மேல் வரியை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆகவே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஆயுள் முழுக்க வயல் செய்த எங்கள் பின்வீட்டு ஐயா, அன்று பின்னேரம் "கலாநிதி, ஆழ்ந்த அனுதாபங்கள்" என்ற மலர்வளையத்தோடு சுடலைக்குப் போனார். கனடாவிலிருந்து மகன் போன் எடுத்து, அப்பா எப்போது கலாநிதி ஆனவர் என்றும், கத்திக் குழறின அந்த யாழ்ப்பாணத்துப் பொம்பிளை எங்களுக்கு என்ன முறை என்றும் கேட்டாராம். ஒரு மாதம்வரை ஊரில் இதுதான் கதை.

பிரேதம் எடுப்பதற்கு முன், மேடம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேலையில் பட்ட தேத்தண்ணியைக் கழுவ என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கழுவவில்லை, கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நித்திரை இல்லாதது, பிஸ்கட், ஈர்க்குக் குச்சி, என்னிடம் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மேடம் இடையில் புகுந்து புத்தி சொல்லவில்லை. அவரும் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப அந்தக் கோப்பைத் திறந்தே பாக்கேல்லை?"

"இல்லை மேடம். மோசம் எண்டு தெரியும்."

"மோசம்தான்" என்றார். "நான் பொய் சொல்லமாட்டன். ஆனா திருத்தலாம். நீர் இல்லாட்டி நான் எதைத் திருத்துறது?" சேலையில் தேத்தண்ணி பட்ட இடத்தைப் பிழிந்துகொண்டு, "கதைப்போம் எண்டு எழுதிப்போட்டு நானும் நீர் கதைப்பீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்திட்டன். அது என்ரை பிழை. சந்தியிலை அந்த மனிசன் சொன்ன உடனை எனக்கு ஒரு அத்தியாயமும் ஞாபகத்துக்கு வரேல்லை. உம்மடை முகம்தான் வந்தது" என்றார்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்பதா விடுவதா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"மேடம், அந்தக் கலாநிதி..."

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "பூக்கடைக்காரன் பேருக்கு முன்னாலை பட்டம் ஏதும் போடுறதோ எண்டு கேட்டவன். உங்கடை அண்ணா என்னைப் பாத்தார். நான் போடச் சொன்னனான்." உடனே விரலை நீட்டினார். "சந்தோஷப்பட வேண்டாம். செத்தால் சும்மா தரலாம். உயிரோடை இருந்தால் அஞ்சு அத்தியாயமும் எழுதித்தான் எடுக்கோணும்."

நான் சிரித்தேன். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த சிரிப்பு, எனக்கே வேறு யாரோ சிரிப்பதுபோல இருந்தது. செத்தவீட்டில் சிரிப்புச் சத்தமா என்று வேலிக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

மேடம் போவதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டார், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று. அம்மா, "ஊராக்கள் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்று இழுத்தார். "ஊராக்கள் என்ரை பிள்ளைக்கு மலர்வளையமும் கண்டாச்சு, இனி என்ன இருக்கு?" என்று அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். அங்கே வரிசையில் எங்களுக்குத் தெரிந்த முகங்கள் மூன்று நான்கு இருந்தன. நாங்கள் எல்லாரும் பல்லுக்கு மருந்து எடுக்க வந்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பல் கிளினிக் மற்றக் கட்டடத்தில் என்பது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த முறை போனபோது அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. டொக்டர் ஒரு பெண். நான் நித்திரை கொள்கிறேனா, சாப்பிடுகிறேனா, யாரோடு கதைக்கிறேன் என்றுதான் கேட்டார். படிப்பு எப்போது முடியும் என்று கேட்காத ஓர் ஆளைக் கண்டதிலேயே எனக்குப் பாதி வருத்தம் குறைந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கு எடுத்தது, இடையில் திரும்பவும் விழுந்தேன், திரும்பவும் போய்க் கதைத்தேன். ஆனால் ஆய்வை விடவில்லை. மூன்றாம் அத்தியாயம் ஏழு தடவை திருத்துப்பட்டு, இப்போது மனிதர் வாசிக்கிற நிலையில் இருக்கிறது. நான்காவது நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மேடம் போன் எடுப்பார். அத்தியாயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், இன்றைக்கு என்ன கறி என்று கேட்பார்.

போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி பத்து நாளாகப் போன் எடுக்கவில்லை. நான் பஸ் ஏறிக் கனகராயன்குளத்துக்கு, அவளுடைய வீட்டுக்குப் போனேன். ஒழுங்கையில் கொடி ஏதும் கட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் முகம் வெளிறி, "அக்கா, தரவு இன்னும் முழுக்கச் சேரேல்லை" என்றாள். "அதை ஆர் கேட்டது? எனக்குத் தேத்தண்ணி போடு, உனக்கும் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இருந்தேன். ஒருவர் தேடி வருவது நம்முடைய வேலையை அல்ல, நம்மைத்தான் என்று விளங்குவதற்கு அவளுக்கு அந்த ஒரு கிளாஸ் தேத்தண்ணி போதுமாக இருந்தது. எனக்கு அதற்கு ஒரு மலர்வளையம் வேண்டியிருந்தது.